இன்றைக்கு என்ன மீன்? – திருமலையில் கடலுணவு சாப்பிட வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் கனடாவிலிருந்தும் சொந்தக்காரர் எங்கள் திருகோணமலைக்கு, அதாவது திருமலைக்கு, வரும்போதெல்லாம் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுதான். எங்கே சாப்பிடலாம், என்ன கேட்கலாம், எவ்வளவு வரும், பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளுமா. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லி வந்ததை இங்கே ஒரேயடியாக எழுதி வைக்கிறேன். எந்தக் கடையின் பெயரையும் சொல்லப் போவதில்லை. சமையற்காரர் மாறினால் கடையின் ருசியும் மாறிவிடும். நல்ல கடையைக் கண்டுபிடிக்கும் வழி தெரிந்தால் எந்த வருடம் வந்தாலும் உதவும்.

நான் சொல்வது பெரிய ஹோட்டல்களின் சாப்பாட்டு மண்டபங்களைப் பற்றி இல்லை. பிளாஸ்டிக் கதிரை, தகரமோ கிடுகோ போட்ட கூரை, வாசலில் ஐஸ் பெட்டி, உள்ளே இரும்புச் சட்டி சுடச்சுட. சனிக்கிழமை இரவில் இடம் கிடைக்காத கடைகள் இருக்கின்றனவே, அவற்றைப் பற்றி.

எந்த மாதத்தில் வந்தால் நல்ல மீன் கிடைக்கும்?

ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை. தெற்கிலும் மேற்கிலும் கடல் கொந்தளிக்கும் அதே மாதங்களில் எங்கள் பக்கம் கடல் படுத்திருக்கும். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். தெருவில் புழுதி பறந்தாலும் கரையோரக் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். வள்ளங்கள் நாள்தோறும் போய் வரும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடியற்காலையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம்.

நவம்பரில் வாடை தொடங்கினால் கதை வேறு. ஜனவரி வரைக்கும் சில நாட்களில் சின்ன வள்ளங்கள் கடலில் இறங்கவே முடியாது. அந்த நாட்களில் கடைகளில் மீன் இல்லாமல் போகாது. ஆனால் அது பலநாள் படகில் ஐஸில் இருந்து வந்ததாகவோ வேறு கரையிலிருந்து லொறியில் வந்ததாகவோ இருக்கும். மழை மாதத்தில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, கடல் மீனை விட்டுவிட்டுக் களப்புப் பக்கம் திரும்புங்கள். தம்பலகாமக் குடா, கிண்ணியாப் பக்கத்துக் கண்டல் நீர், இங்கெல்லாம் நண்டும் றாலும் கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. திருமலையில் கடலுக்கடியில் ஆழமான ஒரு பள்ளத்தாக்கு துறைமுக வாயிலுக்கு மிக அருகிலேயே தொடங்குகிறது. அதனால்தான் மற்ற ஊர்களில் வெகுதூரம் போய்ப் பிடிக்கவேண்டிய ஆழ்கடல் மீன்கள் இங்கே கரைக்குக் கிட்ட வருகின்றன. திமிங்கிலம் பார்க்க வெள்ளைக்காரர்கள் இங்கே வருவதும் அதே காரணத்தால்தான். ஒருநாள் படகில் காலையில் பிடித்த சூரை மதியச் சோற்றுக்கு வந்துவிடுவது இந்த ஊரின் பெரிய கொடுப்பினை.

பூரணை நாட்களில் மீன் குறையும் என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. நிலவு வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகிப் போகும் என்பார்கள் கடல் தொழிலாளர்கள். கணவாய்க்கு இது இன்னும் பொருந்தும். இருட்டில் விளக்கு வைத்துத்தான் அதைப் பிடிக்கிறார்கள், நிலவு காலத்தில் விளக்குக்கு மதிப்பில்லை. கணவாய்க்காகவே வருகிறீர்கள் என்றால் அமாவாசையை ஒட்டி வாருங்கள்.

மெனுவில் எழுதியிருக்கிறது, கேட்டால் இல்லை என்கிறார்கள். ஏன்?

இதற்காகக் கோபப்படுகிறவர்கள் பலர். நான் மாறிச் சொல்வேன்: எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாத கடையைப் பார்த்துத்தான் யோசிக்கவேண்டும். வருடம் முழுவதும் ஒரே அட்டையில் நாற்பது வகை எழுதி, நாற்பதும் எப்போதும் இருக்கிறதென்றால் அவை உறைபெட்டியில் இருக்கின்றன. கடலில் அப்படி ஒரு நாளும் கிடைப்பதில்லை.

ஆகவே இருந்தவுடன் மெனுவைத் திறக்காதீர்கள். பரிமாறுகிற தம்பியிடம், “இன்றைக்கு என்ன மீன் வந்தது?” என்று கேளுங்கள். “பாரை இருக்கு, விளைமீன் இருக்கு, கணவாய் கொஞ்சம்தான்” என்று அவர் யோசிக்காமல் சொன்னால் நீங்கள் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். “எல்லாம் இருக்கு” என்று சொன்னால், பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு எழும்பலாம்.

மீன் புதிதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

பெட்டியைக் காட்டினால் வேலை சுலபம். என் மாமா ஒருவர் நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். அவர் கண்ணைப் பார்க்கமாட்டார், நேரே பெருவிரலால் செவுளைத் தூக்குவார். உள்ளே ஈரச் சிவப்பாக, இழை இழையாகப் பிரிந்து தெரிந்தால் தலையை ஆட்டுவார். மண்ணிறமாகி, பசை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் மூடிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். பிறகுதான் கண்: வெளியே தள்ளித் தெளிவாக இருக்கவேண்டும், குழி விழுந்து வெண்மை படர்ந்தால் பழசு. விரலால் அமத்தினால் குழி உடனே மேலே வரவேண்டும். மணம் கடல் மணமாக இருக்கவேண்டும். “மீன் நாற்றம்” என்று நாம் சொல்வது உண்மையில் பழைய மீனின் நாற்றம்தான்.

சமைத்து வந்தபிறகும் தெரியும். முள்ளைத் தொட்டதும் சதை தானாக வழுவி, மாவு மாதிரிக் கரைந்தால் அது நாள்பட்ட மீன். புதிய மீனில் சதை மடல் மடலாகப் பிரியும், முள்ளை விட்டு வரக் கொஞ்சம் அடம் பிடிக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். எங்கள் கடலில் இன்னும் டைனமைட் போட்டு மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி அது குற்றம். பவளப் பாறையோடு சேர்த்துக் குஞ்சையும் அழிக்கும். அப்படி இறந்த மீன் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். வெட்டினால் நடுமுள் உடைந்து, அதைச் சுற்றி இரத்தம் கட்டியிருக்கும். தட்டில் நடுமுள் இரண்டாக வந்து, பக்கத்தில் கறுப்பாக இரத்தம் உறைந்திருந்தால் கடைக்காரரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் கேட்கத் தொடங்கினால் கடைக்காரர் தனக்கு மீன் கொடுப்பவரைக் கேட்பார்.

மீன் பெயர்கள் குழப்புகின்றன. எது எது?

கொழும்பில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிங்களப் பெயர்தான் தெரியும், தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வேறு பெயர். நாங்கள் அறக்குளா என்பது தமிழ்நாட்டில் வஞ்சிரம், சிங்களத்தில் தோரா. பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் பிழைக்காத மீன், விலையும் அப்படி. சூரை என்பது பலயா. கீளவாளை என்பது கெலவல்லா. “டூனா” என்று மெனுவில் எழுதியிருப்பது பெரும்பாலும் இது. பாரை சிங்களத்தில் பரவ். கணவாய் தல்லோ, றால் இஸ்ஸோ. சாளை, சூடை, கீரி போன்ற சின்ன மீன்கள் மெனுவில் இருக்காது. ஆனால் ஒரு முறையாவது கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் தன் வீட்டுக்கென்று வாங்கி வைத்த கீரி மீனை மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டி, மொறுமொறுவென்று பொரித்துக் கொடுத்த நாட்கள் எனக்கு உண்டு. தலையோடு, முள்ளோடு அப்படியே சாப்பிடலாம்.

என்னைக் கேட்டால் விளைமீனுக்குத்தான் முதலிடம். அறக்குளாவின் பெயர் இதற்கு இல்லை, விலையும் குறைவு. வெள்ளைச் சதை, பால் விட்டுக் கறி வைத்தால் தேங்காய்ப்பாலை நன்றாக இழுக்கும்.

நண்டு கேட்க வேண்டும். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். அதிக காசு போவதும் அதிக ஏமாற்றம் வருவதும் நண்டில்தான்.

முதலில், இரண்டு வகை. களப்பு நண்டு கரும்பச்சையாக, தடித்த ஓட்டோடு, பெரிய கடிகாலோடு இருக்கும். கண்டல் சேற்றில் வாழ்வது. சிங்கப்பூரில் “இலங்கை நண்டு” என்று பெயர் வாங்கியது இதுதான். பெரியவை ஏற்றுமதிக்குப் போய்விடுவதால் இங்கேயும் விலை அதிகம். மற்றது கடல் நண்டு, நீலக்கால் நண்டு. ஓடு மெல்லியது, புள்ளி போட்டது, கால் நீளம். கிலோவுக்கு நாலு ஐந்து நிற்கும். சதை இனிப்பு, விலை குறைவு. சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போகும்போது நான் கேட்பது பெரும்பாலும் இதையே. ஆறு பேர் இருந்து கை நனைத்துச் சாப்பிட நீலக்கால் நண்டுக் கறிக்கு மேல் ஒன்றும் இல்லை.

களப்பு நண்டு என்றால் உயிரோடு இருக்கவேண்டும். கட்டிப் போட்ட நண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறிக் கனமாக இருந்தால் உள்ளே சதை இருக்கிறது. பெரிதாக இருந்தும் லேசாக இருந்தால் அது அண்மையில் ஓடு கழற்றியது; உள்ளே தண்ணீர்தான். அடிவயிற்றைத் திருப்பினால் மடல் ஒடுங்கி முக்கோணமாக இருப்பது ஆண், அகன்று வட்டமாக இருப்பது பெண். கடிகாலில் சதை வேண்டுமென்றால் ஆண் நண்டு. வெளியே முட்டை சுமந்து நிற்கும் பெண் நண்டை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். அதைக் கடலில் விட்டால்தான் அடுத்த வருடமும் நண்டு.

இரண்டாவது, நிறை. விலை நிறைக்குத்தான். சமைக்க முன்னர் உங்கள் கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லுங்கள். கட்டியிருக்கும் கயிறு ஈரத்தோடு தடிப்பாக இருந்தால் அதற்கும் நிறை உண்டு, கழற்றிவிட்டு நிறுக்கக் கேட்பதில் தப்பில்லை. மொத்தம் எவ்வளவு வரும் என்பதை அப்போதே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, நேரம். சொன்னபிறகுதான் கழுவி, உடைத்து, கறி வைப்பார்கள். முக்கால் மணித்தியாலம் ஆகும். பத்து நிமிடத்தில் நண்டுக் கறி வந்தால் அது காலையில் வைத்த குழம்பில் நண்டைப் போட்டது. மத்தியானமே ஒரு தொலைபேசி எடுத்து, “ராத்திரிக்கு நாலு பேர், நண்டு வேண்டும்” என்று சொல்லி வைப்பது எல்லோருக்கும் நல்லது.

கறி எப்படி இருக்கவேண்டும்? வறுத்தரைத்த தூள், சின்ன வெங்காயம், பூண்டு, பெருஞ்சீரகம், பழப்புளி கொஞ்சம், இரண்டாம் பாலில் அவித்துக் கடைசியில் முதற்பால். இறக்கும்போது ஒரு பிடி முருங்கை இலை. முருங்கை இலை இல்லாத நண்டுக் கறியை எங்கள் அம்மம்மா கறியாகவே எண்ணமாட்டார். நண்டின் சூட்டை அது அடக்கும் என்பது அவர் நம்பிக்கை. எனக்கு அந்த இலை வேண்டியிருப்பது ருசிக்காக. குழம்பை உறிஞ்சி, கொஞ்சம் கசப்போடு, நண்டின் இனிப்புக்கு நேர் எதிரே நிற்கும். சில கடைகளில் கேட்டால்தான் போடுவார்கள். கேளுங்கள்.

உடைக்கத் தெரியாதே?

கடிகாலை மட்டும் கல்லால் தட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் கையும் பல்லும் பார்த்துக்கொள்ளும். சின்னக் காலின் இரண்டு நுனியையும் கடித்து, ஒரு பக்கத்தால் உறிஞ்சினால் சதை அப்படியே வரும். சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி இருக்கும் செவுளைச் சாப்பிடவேண்டாம். வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு போகவேண்டாம்.

எதோடு சேர்த்துச் சாப்பிடுவது?

நண்டுக் கறிக்குப் புட்டு. அதுவும் அரிசி மாப் புட்டு, தேங்காய்ப்பூ தாராளமாகப் போட்டது. குழம்பு புட்டுக்குள் இறங்க ஒரு நிமிடம் விட்டுவிட்டுப் பிசைந்து பாருங்கள். மீன் குழம்புக்குச் சோறு, கூடவே ஒரு கீரைக் கடையலும் பொரித்த மிளகாயும். மீன் சொதிக்கு இடியப்பம். கணவாய்ப் பிரட்டலுக்கு ரோஸ் பாண். கருகின ஓரத்தைக் கிழித்து, சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பிரட்டலை வழித்தால் போதும், வேறு கறி தேவையில்லை.

பிரைட் ரைஸ் கேட்கிறவர்கள் அதிகம். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். பெரியவர்கள் அந்த இடத்தை வயிற்றில் வேறொன்றுக்கு வைத்திருங்கள். சோயா சோஸும் அஜினோமோட்டோவும் போட்டால் பழைய றாலும் புது றாலும் ஒரே ருசியாகிவிடும். காலையில் வந்த றாலுக்கு அது அநியாயம்.

மதியமா, இரவா?

வேறு வேறு சாப்பாடு. மதியம் சோறு கறி. பன்னிரண்டரைக்குள் போனால் மீன் பொரியல், குழம்பு, பருப்பு, இரண்டு மரக்கறி எல்லாம் சூடாக இருக்கும். இரண்டு மணிக்குப் போனால் வாலும் தலையும்தான் மிச்சம். (தலை கிடைத்தால் விடாதீர்கள்.) இரவில் சுடுவது, பொரிப்பது, டெவில், நண்டு, கொத்து. ஒரே ஒரு நேரம்தான் இருக்கிறதென்றால் மதியத்தைத் தெரிந்தெடுங்கள் என்பேன். வீட்டுச் சமையலுக்குக் கிட்ட இருப்பது அதுதான், விலையும் பாதி.

எந்தப் பக்கம் போவது?

நகரத்துக்குள் டச்சுக் குடாவையும் உட்துறைமுக வீதியையும் ஒட்டிய கடைகளுக்கு ஊர்ச் சனம் வரும். காரமும் உப்பும் எங்களுக்கு ஏற்றபடி. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணலில் மேசை போட்டிருப்பார்கள், மெழுகுதிரி எரியும், கடல் காலுக்குக் கிட்ட வரும், வெளிநாட்டவர் அதிகம் என்பதால் காரம் குறைவு, விலை கூட. கிண்ணியாவுக்கு இப்போது பாலம் இருக்கிறது, 2009இல் திறந்தது. அதற்கு முன்னர் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி, கடலைக் கடந்துதான் போகவேண்டியிருந்தது. நேரமிருந்தால் அங்கே போய் மீனோடு சோறு சாப்பிட்டு, கடைசியில் எருமைத் தயிரும் பாணியும் கேளுங்கள்.

காரம் தாங்கமாட்டோம், பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள்.

“காரம் குறைத்து” என்று சொன்னால் போதாது. அவர்களுடைய குறைவு உங்களுக்குக் கூடவாக இருக்கும். “தூள் போடாமல் வெள்ளைக்கறியாக” என்று சொல்லுங்கள், அல்லது சொதி கேளுங்கள். மஞ்சள், வெந்தயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பால், கடைசியில் தேசிக்காய்ப் புளி. பச்சைமிளகாயை முழுதாகப் போட்டு இறக்கும்போது எடுத்துவிடச் சொல்லலாம். மூன்று வயதுப் பிள்ளையும் இடியப்பத்தோடு சாப்பிடும். முள் விடயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். பிள்ளைகளுக்கு அறக்குளா அல்லது பாரைத் துண்டு, நடுமுள் மட்டும் உள்ளது.

கோணேசர் கோயிலுக்கும் போக வேண்டும், மீனும் சாப்பிட வேண்டும். என்ன செய்வது?

கோயில் முதலில். காலையில் கோட்டைக்குள்ளால் நடந்து போய், மான்களைப் பார்த்து, பூசை முடித்துக்கொண்டு வந்தால் மதியச் சாப்பாட்டுக்கு நேரம் சரியாக இருக்கும். வெள்ளிக்கிழமைகளிலும் விரத நாட்களிலும் எங்களில் பலர் மச்சம் தொடமாட்டோம். கூட்டத்தில் சைவக்காரர் ஒருவர் இருந்தால் தனிச் சட்டி, தனி எண்ணெய் என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். மீன் பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிப்பது சாதாரணமாக நடக்கும். கடும் சைவமானவரை இந்தக் கடைக்கு இழுத்துக்கொண்டு வருவதை விட, அவரை முதலில் ஒரு சைவக் கடையில் சாப்பிட வைப்பது மரியாதை.

ஹலால் இருக்குமா? குடிவகை?

இந்த ஊரில் முஸ்லிம்கள் நடத்தும் கடைகள் நிறைய, அங்கே இரண்டு கேள்விக்கும் விடை தெளிவு. மற்ற இடங்களில் கோழி, மாடு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள், சொல்வார்கள். குடிவகை அனுமதி உள்ள கடைகளில் மட்டும். போயா (பூரணை) தினத்தில் விற்கமாட்டார்கள். நண்டுக் கறிக்குப் பக்கத்தில் குளிர்ந்த நெக்டோ சோடா ஒன்றே எனக்குப் போதும்.

பில் எவ்வளவு வரும்?

தொகை சொல்லமாட்டேன், மீன் விலை நாளுக்கு நாள் மாறும். எங்கே கவனிப்பது என்று சொல்கிறேன். மெனுவில் விலைக்குப் பதிலாகச் “சந்தை விலை” என்று இருந்தால், சமைக்க முன்னர் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். 100 கிராமுக்கு விலை போட்டிருப்பதை ஒரு மீனுக்கான விலையென்று நினைத்து மாட்டிக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். என் சித்தப்பா குடும்பத்துக்கு அப்படித்தான் நடந்தது. ஒரு முழுப் பாரையைச் சுடச் சொன்னார்கள், நிறையும் கேட்கவில்லை, விலையும் கேட்கவில்லை. வந்த பில்லைப் பார்த்துச் சித்தி மற்ற நாள் புறாத்தீவுப் பயணத்தையே கைவிட்டார். மீன் ருசியாகத்தான் இருந்ததாம். கடைக்காரர் கேட்காமலே சொல்லியிருக்கவேண்டும்; நாங்களும் கேட்டிருக்கவேண்டும்.

10% சேவைக் கட்டணம் சில கடைகளில் சேர்ப்பார்கள். வற் வரி 2024 தொடக்கம் 18%. ஆனால் பதிவு செய்த கடைதான் அதை அறவிடலாம், பில்லில் பதிவு இலக்கம் இருக்கவேண்டும். அநியாயமாகப் பட்டால் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம். சேவைக் கட்டணம் இல்லாத சின்னக் கடையில் பரிமாறிய தம்பிக்கு ஏதாவது கொடுத்துவிட்டு எழும்புங்கள். நண்டு ஓட்டை மூன்று தரம் அள்ளிக்கொண்டு போனவர் அவர்.

சாப்பிட்டபின் உடம்புக்கு ஏதாவது செய்தால்?

இரண்டைப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒருவருக்கு நண்டோ றாலோ இயல்பாகவே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அவருக்கு எவ்வளவு புதியதாக இருந்தாலும் ஆபத்து. அவர் இருக்கும் மேசையில் அகப்பையைக்கூட மாற்றிப் போடக்கூடாது.

மற்றது மீனால் வருவது. சூரை, கீளவாளை, கும்பளா போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். அதற்குப் பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் அது போகாது. என் அக்காவின் மகனுக்கு எட்டு வயதில் இது நடந்தது. ஒரு கடையில் சூரைக் கறி. “மாமா, மிளகு கடிக்குது” என்றான். கறியில் மிளகு இருந்ததால் நாங்கள் கவனிக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் முகமும் கழுத்தும் தக்காளி மாதிரிச் சிவந்து, தலையிடியென்று அழத் தொடங்கினான். ஆஸ்பத்திரியில் வைத்தியர் முதலில் கேட்டதே “என்ன மீன் சாப்பிட்டான்?” என்றுதான். மருந்து கொடுத்துப் பின்னேரத்துக்குள் சுகமாகிவிட்டது. அன்றிலிருந்து நான் சூரை கேட்பது ஐஸ் பெட்டியைப் பார்த்த பிறகே. நாக்கில் காரணமில்லாமல் சுரீரென்று கடித்தால் அந்த வாயோடு நிறுத்திவிடுங்கள், பிள்ளைகள் சொன்னால் நம்புங்கள். மூச்சு விடக் கஷ்டம், முகம் வீங்கினால் 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், இலவசம். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள். அடுத்த மேசையில் இன்னொரு பிள்ளை இருக்கும்.

கேட்கவே கூடாதது ஏதாவது?

முட்டை சுமந்த சிங்கி றால். அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். ஆமை இறைச்சி, ஆமை முட்டை எங்கே கிடைத்தாலும் வேண்டாம். உள்ளங்கைக்குள் அடங்கும் களப்பு நண்டு, விரல் நீளச் சிங்கி. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கவேண்டாம்.

கரைவலையில் மீன் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருவார்களா?

சில கடைகள் தருவார்கள், முதலே பேசிக்கொள்ளவேண்டும். விடிய ஆறு மணிக்குக் கடற்கரைக்குப் போங்கள். வலை கரையேற ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும், இரண்டு பக்கமும் ஆட்கள் பாட்டோடு இழுப்பார்கள், மடி மணலுக்கு வந்ததும் உள்ளே வெள்ளி மாதிரித் துடிக்கும். இழுக்கிறவர்களோடு ஒரு கை பிடித்தால் யாரும் வேண்டாமென்று சொல்லமாட்டார்கள். மீன் பிரித்து முடியும்வரை பொறுத்திருந்து விலை கேளுங்கள். துடிக்கும்போது இடையில் புகுந்து கையை விடுவது அவர்களுக்குப் பிடிக்காது. இரண்டு கிலோ போதும். ஐஸ் வாங்கிப் போட்டு நேரே கடைக்கு. வெட்டுக்கூலி, சமையற்கூலி என்ன என்று அங்கேயே பேசி முடித்துவிடுங்கள்.

ஊருக்குப் போகும்போது என்ன கொண்டு போகலாம்?

இரவு ரயிலுக்கு நண்டுக் கறி கட்டிக்கொண்டு போவதாகச் சொன்ன தம்பியை நான் தடுத்தேன். தேங்காய்ப்பால் கறி அந்தச் சூட்டில் விடியும்வரை தாங்காது. மீன் பொரியலும் புட்டும் தாங்கும், வாழையிலையில் கட்டுங்கள், ஆறியபிறகு கட்டுங்கள். வீட்டுக்கென்றால் கருவாடு. நெத்தலிக் கருவாட்டில் ஒன்றை முறித்துப் பார்த்தால் சட்டென்று உடையவேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, பூஞ்சணம் பிடிக்கும். சீலாக் கருவாடு வாங்கினால் வயிற்றுப் பக்கத்தை முகர்ந்து பாருங்கள். பேப்பரில் இரண்டு சுற்று, அதன் மேல் பொலித்தீன், உடுப்புப் பையில் வைக்காமல் தனியாக.